பச்சைக் காருக்கு என்ன சீக்கு?

கள்ளுக்கும் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை மண்டையில் வைத்துக்கொண்டுதான் போன சனிக்கிழமை காலை வட்டவளையில் ஒரு ஹயரிங் காரில் ஏறினேன். கூடவே நண்பர் பெரியசாமி. தபால் கந்தோர்க்காரர். எதற்கும் மறுப்புச் சொல்லாதவர் — குறிப்பாகக் கள்ளுக்கு.

பிளான் முழுக்க என்னுடையது. கீழ்நாட்டுத் தென்னங்கள்ளு லொறியேறித்தானே மலைக்கு வருகிறது? வளைவுக்கு வளைவு குலுங்கி, பனியில் நனைந்து, ஊருக்கு ஊர் புளித்துக்கொண்டே ஏறுகிறது. அப்படியானால் வட்டவளையில் ஒரு சுவை, அட்டனில் இன்னொன்று, தலவாக்கலையில் வேறொன்று, லிந்துலையில்… நானுஓயாவில்…? எல்லாவற்றையும் ஒரே நாளில் ருசித்துப் பார்த்தால் என்ன? தேயிலைத் தோட்டத்துத் துரைமார் தேநீரை ஸ்பூனால் உறிஞ்சித் துப்பித் தரம் சொல்வதில்லையா? நாங்கள் துப்பப் போவதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கள்ளுக்கடைக்கு எங்கள் பக்கத்தில் தவறணை என்று பெயர் — என்ன அருமையான சொல் பாருங்கள்! தவறில் தொடங்கி அணைப்பில் முடிகிறது.

காரோட்டி ராமையா. அட்டன் ஸ்டாண்டில் ஓடுகிறவர். அந்தப் பக்கத்திலேயே பச்சை நிறத்தில் கார் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். பிளானைச் சொன்னதும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஐயா, நீங்க குடிங்க. வேணாங்கல. ஆனா காரைத் தவறணை வாசல்ல நிப்பாட்ட மாட்டேன்.”

“ஏன்?”

“தைப்பூசம் கழிச்சு எனக்குக் கல்யாணம். வெத்தல பாக்கு மாத்தியாச்சு. மாமனாரு லிந்துலையில கணக்கப்பிள்ள. மூத்த பொண்ணுக்குப் பாத்த மாப்பிள்ள தவறணைப் பக்கம் நின்னாருன்னு சம்பந்தத்தையே முறிச்சவரு. நான் தொட்டதே இல்லீங்க. ஆனா கார் நின்னா ஆளு உள்ளன்னுதானே பேசுவாங்க?”

நியாயம்தான். மலைநாட்டில் மனிதனுக்கு முகம் எதற்கு? கார் நிற்குமிடம்தான் முகம்.

“பின்ன எங்க நிப்பாட்டுவீங்க?” என்றார் பெரியசாமி.

ராமையா ஏற்கெனவே யோசித்திருந்தார். “டிஸ்பென்சரி வாசல்ல. யாரு என்ன சொல்ல முடியும்?”

அப்படியே நடந்தது. ஊருக்கு ஊர் டிஸ்பென்சரி வாசலில் பச்சைக் கார் கண்ணியமாக நின்றது. நாங்கள் சந்து வழியாக நடந்து போய்த் திரும்பினோம்.

என் கொள்கையும் ஜெயித்துக்கொண்டிருந்தது. வட்டவளையில் கள்ளு இன்னும் தென்னந்தோப்புப் பிள்ளை — இனிப்பாகக் கையைப் பிடித்தது. அட்டனில் முறைத்தது. தலவாக்கலையில் கடித்தேவிட்டது. மேலே மேகம் இறங்கி வர, நாங்கள் மேகத்துக்குள் ஏறிப்போக… ஆகா, பெரியசாமி பாடவே ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் தலவாக்கலையில் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த நேரத்தில் நுவரெலியா பஸ் எங்களை முந்திப் போயிருக்கிறது. வட்டவளையில் ஏறியவர் அங்கே டிஸ்பென்சரி வாசலில் பச்சைக் காரைப் பார்த்திருந்தார். அட்டனில் ஏறியவர் அதையே அட்டன் டிஸ்பென்சரி வாசலில் பார்த்திருந்தார். தலவாக்கலையில் எல்லோருமே பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் இதையெல்லாம் கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்களுக்கு முன்னால் செய்தி லிந்துலையில் இறங்கிவிட்டது.

லிந்துலை வளைவில் ஒருவர் குடையைக் குறுக்கே நீட்டி எங்கள் காரை மறித்தார். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. ராமையாவின் முகத்தைப் பார்த்ததுமே மாமனார் யாரென்று தெரிந்துவிட்டது.

“எறங்குங்க மாப்பிள்ள.”

“என்ன மாமா…”

“என்ன சீக்கு?”

“சீக்கா?”

“ஒரு டிஸ்பென்சரின்னா காய்ச்சலு. ஊரு ஊருக்கு டிஸ்பென்சரின்னா வெளிய சொல்ல முடியாத சீக்கு. எம்பொண்ணக் கட்டிக் குடுக்கறதுக்கு முன்னால சொல்லிப்புடுங்க.”

தவறணை என்றால் சம்பந்தம் போச்சு. இல்லை என்றால் சீக்கு. எந்த மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு சங்கடம் வந்திருக்கும்? தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள்.

பெரியசாமி தியாகத்துக்குத் துணிந்தார். கதவைத் திறந்து, “சீக்கு எனக்குத்தாங்க. வயித்து வலி” என்றார். உடனே ஒரு ஏப்பம் விட்டார். வட்டவளை, அட்டன், தலவாக்கலை மூன்றும் அதில் இருந்தன.

“வயித்து வலிக்குக் கள்ளு குடிக்கச் சொன்னது எந்த டாக்டரு?”

இனி மறைக்க என்ன இருக்கிறது? நான் இறங்கினேன். குடித்தது நாங்கள், ஓட்டியது மட்டும் அவர், சம்பந்தத்துக்குப் பயந்துதான் டிஸ்பென்சரியில் நிறுத்தினார் — ஒப்பித்துவிட்டேன். கணக்கப்பிள்ளை என்னை நம்பவில்லை. நம்பும்படியாகவும் நான் நிற்கவில்லை.

“மாப்பிள்ள, ஊதுங்க.”

நடுரோட்டில், அத்தனை பெண்களுக்கு முன்னால், ராமையா ஊதினார். கணக்கப்பிள்ளை கண்ணை மூடி, தேயிலைத் தூளை மோந்து பார்ப்பதுபோல நிதானமாக மோந்தார்.

“வெத்தல வாசம்தான்.”

“ஏய், கணக்கப்பிள்ள மாப்பிள்ளைய மோந்து பாத்துல்ல எடுக்கிறாரு!” என்றாள் ஒருத்தி. கூடைகள் குலுங்கின.

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. யோசித்தார். “இங்க சரியாப் போச்சு. மத்த ஊருல சீக்குன்னுதானே பேசிக்கிட்டிருப்பாங்க? குடிகாரங்களுக்குக் கார் ஓட்டுனா அது தொழிலு. சீக்குக்காரன்னு பேரு வந்தா என் பேரப்பிள்ளைங்க வரைக்கும் பேசுவானுங்க.” குடையை எங்கள் பக்கம் திருப்பினார். “இப்பிடியே திரும்பிப் போங்க. ஊரு ஊரா தவறணை வாசல்லயே நிப்பாட்டுங்க. மாப்பிள்ள எறங்கி வெளிய நிக்கணும். எல்லாரும் பாக்கணும். இவங்க ரெண்டு பேரும் உள்ள போகணும்.”

“போதுங்க, எங்களுக்கு…” என்றேன்.

“குடிச்சே ஆகணும்!” என்றார், வாழ்நாளில் கள்ளைத் தொடாத அந்த மனிதர்.

நானுஓயா என்ன சுவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இறங்கும் வழியில் ஒவ்வொரு தவறணையிலும் உட்கார்ந்தோம். வெளியே பச்சைக் காரில் சாய்ந்துகொண்டு, போவோர் வருவோருக்கெல்லாம் வணக்கம் வைத்தார் ராமையா. “உள்ள இருக்கிறது நம்ம பார்ட்டிங்க” என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார். உள்ளே பெரியசாமி கண்ணீரோடு கோப்பையைத் தூக்கினார்.

கல்யாணம் உறுதி.

ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காக நாள் முழுக்கக் குடித்துவிட்டு வந்தேன் என்றால், என் மனைவி ஏன் நம்ப மறுக்கிறாள்?