தர்சினியின் ஐந்து நாட்கள்

எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் ஒரே பெரிய கணினிதான். அதில் வெங்காய நோய் பற்றிய மரபணுக் கோப்பைத் திறந்தேன். சின்னக் கோப்பு. ஆனால் நினைவகம் முழுதும் நிரம்பிக் கணினி திணறியது. ஐந்து நாட்களாக அதில் கணிப்பை ஓடவிட்டிருந்த மாணவி தர்சினி மீது பாய்ந்தேன்.

“உம்மடை வேலைதான் எல்லாத்தையும் விழுங்குது. நிப்பாட்டும்.”

“அண்ணை, வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கோணும். நிப்பாட்டினா முதலிலையிருந்துதான் துவங்கோணும்.”

“நிப்பாட்டும் எண்டுறன்.”

நிறுத்தினாள். திரும்பத் திறந்தேன். திரும்பவும் நிரம்பியது.

அவள்தான் என் நிரலைப் பார்த்தாள். “கோப்பிலை எண்களுக்கு நடுவிலை வாற பூச்சியங்களை விட்டிட்டுச் சுருக்கி வைச்சிருக்கினம். நீங்கள் அவ்வளவு பூச்சியத்தையும் விரிச்சு நினைவகத்திலை ஏத்துறியள், அண்ணை.”

ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. அவளுடைய ஐந்து நாட்களை மீட்க எனக்கு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அவளால் அறிக்கை கொடுக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை” என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.