மூன்றாவது வரிசை, இடது ஓரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் எழுதி வைத்தார்கள்? இது மதியம் இரண்டு மணிக்கு வந்தது, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில். நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் ஒரு பெரிய வண்டியின் கடைசி வரிசையில் கண்ணாடியை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு பேசலாம்.

பட்டறையில் அவனுக்குப் பெயர் ‘காது’. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. வண்டியில் எங்காவது கடகட, கொடகொட, கிறீச் என்று கேட்டால் அவனிடம்தான் தள்ளிவிடுவார்கள். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, “இடது முன்சக்கரம், உள்பக்க போல்ட்டு” என்று சொல்லிவிடுவான். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பதினாறு வருஷ அனுபவம், இருக்காதா பின்னே!

அந்த வியாழக்கிழமை அவனுடைய அக்காவே பட்டறை வாசலில் வந்து நின்றாள். மஞ்சள் தொப்பி போட்ட மழலையர் பள்ளிக் குழந்தைகள் ஐந்து பேரை வண்டியில் ஏற்றி இறக்குவது அவள் வேலை. காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு, மதியம் பள்ளியிலிருந்து குழந்தைகள் காப்பகத்துக்கு. அதற்காகப் போன மாதம்தான் ஒரு ஏழு சீட் எஸ்.யூ.வி.யை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருந்தாள். மாமா படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம். அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

“டேய், இந்த வண்டி என் பொழப்புல மண்ணள்ளிப் போடுதுடா.”

“என்ன சத்தம்கா?”

“சத்தம்னு சொல்ல முடியல. காது அடைக்குது. தும்... தும்... தும்னு உள்ளுக்குள்ளயே அடிக்குது. புள்ளைங்க காதப் பொத்திக்கிட்டு அழறாங்க. ரெண்டு பேரு வாந்தி எடுத்துட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா வேற வண்டி பாத்துக்கறோம்னு மூணு வீட்டுல சொல்லிட்டாங்க.”

காது சிரித்தான். இது அவனுக்குத் தெரிந்த நோய்தான். ஓடுகிற வண்டியில் ஒரே ஒரு பின்கண்ணாடியை மட்டும் இறக்கிப் பாருங்கள், காற்று உள்ளே புகுந்து மாட்டிக்கொண்டு காதுக்குள் தும்தும்தும் என்று அடிக்கும். பெரிய வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். இன்னொரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் போதும், அடங்கிவிடும்.

“கண்ணாடிய மூடிக்கிட்டு ஓட்ட வேண்டியதுதானே?”

“எல்லாம் மூடித்தாண்டா இருக்கு! அதுவும் காலையில ஒண்ணுமே இல்ல. மத்தியானம் மட்டும்தான்.”

அதற்கும் அவனிடம் பதில் இருந்தது. வெயிலில் கூரைத் தகடு விரிந்து தொளதொளத்துப் போயிருக்கும். ஒட்டி விட்டால் வேலை முடிந்தது. “வண்டிய விட்டுட்டுப் போ. நாலு நாளைக்கு என் பழைய வேன எடுத்துக்கோ. ஞாயித்துக்கிழமை உன் வண்டி வீணை மாதிரி இருக்கும்” என்றான். அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போனாள்.

இந்த மாதிரித் தொல்லையைப் பிடிக்க அவன் வைத்திருந்த வழி வேடிக்கையானது. டிஷ்யூ பேப்பரைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு சீட்டிலும் உட்கார்ந்தால் முகம் வருகிற உயரத்துக்குக் கூரையிலிருந்து தொங்கவிடுவான். ஏ.சி.யை அணைத்துவிடுவான். எந்தப் பக்கத் தகடு அடிக்கிறதோ அந்தப் பக்கக் கீற்று அதிகமாகத் துடிக்கும். கருவி வைத்திருக்கிற பெரிய கம்பெனிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவனுக்கு அது இதுவரை பொய் சொன்னதில்லை.

மதியம் ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பினான். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை. ஆள் நடமாட்டம் இல்லை. எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தது. உள்ளே அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி வெக்கை. பக்கத்து சீட்டில் ஒன்று, பின்னால் ஐந்து என்று ஆறு கீற்றுகள் தொங்கின; பின்னால் இருந்தவை பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தன.

இரண்டு பத்து. வேகம் அறுபது.

தும்... தும்... தும்...

காது இரண்டும் அடைத்தது. அக்கா சொன்னது சரிதான். பழக்கதோஷத்தில் நடுவரிசைக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினான். சட்டென்று நின்றது. ஏற்றினான். மறுபடி தொடங்கியது. கண்ணாடி திறந்தால் வரவேண்டியது திறந்தால் நிற்கிறது, மூடினால் வருகிறது. இப்படித் தலைகீழாக அவன் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் உறைத்தது. காற்று அடிப்பது வேகமாக இருக்கும், எண்ண முடியாது. இதை எண்ண முடிந்தது.

மூன்று அடி. ஒரு இடைவெளி. மூன்று அடி. ஒரு இடைவெளி...

உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டுகிற மாதிரி.

“சே, உனக்கு வெயில் ஏறிடுச்சுடா” என்று தன்னையே திட்டிக்கொண்டான். வண்டியை ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். இரண்டு இருபத்தெட்டு.

அடிப்பது நின்றது. கீற்றுகளும் ஒவ்வொன்றாக அடங்கின. ஐந்து கீற்றுகள்.

ஆறாவது அடங்கவில்லை.

மூன்றாவது வரிசை, இடது ஓரம். அந்தக் கீற்று முன்னால் வந்தது... பின்னால் போனது... முன்னால் வந்தது... பின்னால் போனது. துடிப்பு இல்லை. நிதானமாக, ஒரே அளவாக. காற்று வர வழியே இல்லாத இடம். அந்த வரிசைக் கண்ணாடி திறக்கவே திறக்காது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான், திரும்பத் தைரியம் வரவில்லை.

கீற்று வேகமானது. முன்... பின்... முன்... பின்... நாய் இரைக்கிற மாதிரி.

அப்புறம் மெதுவானது.

இன்னும் மெதுவாக...

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு நின்றது.

கதவைத் திறந்துகொண்டு குதித்தான். சாவியின் பொத்தானை அமுக்கிப் பூட்டினான். வண்டி கத்தியது. கீச்... கீச்... கீச். பின்சீட்டில் ஆள் இருக்கும்போது பூட்டினால் எச்சரிக்கிற சத்தம் அது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். முன்பலகையில், எந்த சீட்டில் ஆள் என்று காட்டுகிற சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. மூன்றாவது வரிசை, இடது ஓரம்.

சீட் காலி.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அக்காவுக்குப் போன் போட்டு, வண்டியைத் தொடாதே என்று சொல்லியிருப்பீர்கள். அவனும் போனை எடுத்தான். ஆனால் என்ன சொல்வது? உன் வண்டியில் பேய் இருக்கிறது, வீட்டில் அடுப்பை அணைத்துவிடு என்றா? போதாததற்கு ‘காது’ ஒரு சத்தத்துக்குப் பயந்து ஓடினான் என்று பட்டறையே கைகொட்டிச் சிரிக்கும். போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

பட்டறைக்கு வருவதற்குள் எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டான். கீற்று ஆடியது சூடான காற்று மேலே எழும்பியதால். விளக்கு எரிந்தது சீட்டுக்கு அடியில் உள்ள சென்சார் கெட்டதால். மனசு அப்படித்தான், பயத்துக்கு ஒரு போல்ட்டைத் தேடி முடுக்கிவிடும். வெள்ளியும் சனியும் உட்கார்ந்து கூரை, பின்கதவு, மூன்றாவது வரிசையின் பக்கவாட்டு என்று ஒரு இடம் விடாமல் சத்தத்தை அமுக்குகிற தடித்த ரப்பர் ஷீட் ஒட்டினான். அந்த எச்சரிக்கைச் சத்தம் பூட்டும்போதெல்லாம் கத்தியது. சத்தத்தை நிறுத்துவதுதானே அவன் தொழில்?

சீட்டுக்கு அடியில் கைவிட்டு அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

ஞாயிறு ஓட்டிப் பார்த்தான். காலை பத்து மணிக்கு. மதியம் இரண்டு மணிக்கு ஓட்ட அவனுக்கு மனசு வரவில்லை. வண்டி வீணை மாதிரிதான் இருந்தது. அக்காவிடம் சாவியைக் கொடுத்தான், ஒயரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் இரண்டு பதினைந்துக்கு அக்கா பட்டறைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வண்டியை வெளியே வெயிலில் நிறுத்திப் பூட்டிவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

“சத்தமே இல்லடா! ஒரு புள்ளகூட அழல. அந்தத் தூங்குமூஞ்சி ஏறின உடனே பின்னாடி போய்ச் சுருண்டுட்டா.”

தூங்குமூஞ்சி என்பது ஐந்து பேரில் சின்னவள். நாலு வயது. வண்டியில் ஏறினால் தூங்கிவிடுவாள்.

“எல்லாரையும் இறக்கிட்டியா?”

“அஞ்சு பேரையும் எண்ணி இறக்கிட்டுத்தாண்டா வரேன். அஞ்சு மஞ்சத் தொப்பி. போடா, பெரிய ஆபீசரு.”

தேநீர் வந்தது. அக்கா மாமாவைப் பற்றிப் பேசினாள். பட்டறை முதலாளி அவளைக் கிண்டல் செய்தார். பெயிண்ட் அடிக்கிறவர் ரேடியோவைத் திருகினார். மணி இரண்டு முப்பத்தெட்டு.

காது நிமிர்ந்தான்.

“ரேடியோவ நிறுத்துங்க.”

“ஏன்?”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!”

தும்... தும்... தும்...

தலையணைக்குள் அடிக்கிற மாதிரி. அவ்வளவு மெல்லிசாக.

மூன்று அடி. ஒரு இடைவெளி.

“யாருக்காவது கேக்குதா?”

யாருக்கும் கேட்கவில்லை.

தும்... தும்...

மூன்றாவது அடி வரவில்லை.

அக்காவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. நடுவரிசையைத் தாண்டிக் குதித்தான். மூன்றாவது வரிசை, இடது ஓரம். இந்தத் தடவை சீட் காலியாக இல்லை. தலையில் மஞ்சள் தொப்பியோடு தூங்குமூஞ்சி சாய்ந்து கிடந்தாள். உதடு காய்ந்து, உடம்பெல்லாம் நனைந்து, இரண்டு உள்ளங்கையும் சிவந்து... அவள் அடித்த பக்கம் முழுக்க அவன் ஒட்டிய ரப்பர் ஷீட். பூட்டியபோது கத்தியிருக்க வேண்டிய வண்டி வாயை மூடிக்கொண்டிருந்தது. மூடியதும் அவன்தான்.

பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நெஞ்சு பதறவேண்டாம். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள்.

அக்காவின் வேலை அன்றைக்கே போயிற்று. ஐந்து வீடும் கதவைச் சாத்திக்கொண்டன. யார் என்ன திட்டினாலும் அவள் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “அஞ்சு பேர எண்ணினேன். என் புருஷன்மேல சத்தியமா அஞ்சு பேரு இறங்கினாங்க.” யாரும் நம்பவில்லை. காது அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஒயரைப் பிடுங்கியதைச் சொன்னான். வியாழக்கிழமை பார்த்ததையும் சொன்னான். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. “அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா” என்றாள். அதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

காது, வண்டியை விற்றுக் கொடுத்த புரோக்கரைத் தேடிப் போய் அவர் சட்டையைப் பிடித்தான். புரோக்கர் முதலில் மழுப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“மொத ஓனரோட பொண்ணு, தம்பி. நாலு வயசு. ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டு அப்பா இறங்கிப் போனாராம். கடைசி சீட்டு. ரெண்டு மணி வெயிலு. அவரு திரும்பி வரப்போ மூணாயிடுச்சு...”

வண்டி பட்டறையின் பின்பக்கம் ஒரு மாதம் கிடந்தது. காது ஒட்டிய ஷீட்டையெல்லாம் பிய்த்து எறிந்தான். ஒயரை மாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கே ஓட்டினான். கீற்றுகள் தொங்கின. அறுபது, எழுபது, எண்பது.

ஒன்றும் இல்லை. விளக்கு எரியவில்லை. எந்தக் கீற்றும் அசையவில்லை.

அதற்கடுத்த வாரம் அக்கா காப்பகத்துக்குப் போனாள். மன்னிப்புக் கேட்க. அவனும் துணைக்குப் போனான். உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தார்கள். ஆனால் வாசலில் நின்ற ஆயா அக்காவைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

“நீ பொய் சொல்லலம்மா. யாருகிட்டயும் சொல்ல எனக்குத் தைரியமில்ல. அஞ்சு பேருதான் இறங்கினாங்க. அஞ்சாவது புள்ளைய நான்தான் கையப் பிடிச்சு இறக்கினேன்.”

“முகத்தப் பாத்தீங்களா?” என்றான் காது.

“தொப்பி மறைச்சிடுச்சுப்பா. கைதான்... கை கொதிச்சுது. காய்ச்சல்னு நெனச்சேன். உள்ள கூட்டிட்டுப் போனேன். தண்ணி கேட்டுச்சு. மூணு டம்ளர் குடிச்சுது.”

ஆயா குரலைத் தாழ்த்தினாள். திரும்பி, மூடியிருந்த அறைக்கதவை ஒரு தடவை பார்த்தாள்.

“அப்பா இன்னும் வரலியான்னு கேட்டுச்சும்மா. நான்... எனக்கு என்ன தெரியும்? வருவாரு, வர்ற வரைக்கும் இங்கேயே இருன்னு சொல்லிட்டேன்.”