காபியை விட்ட மதுரம்

ரவிக்கையின் பக்கத் தையலை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் மதுரம். மறுநாள் காலை திருக்கடையூரில் கணவர் வெங்கடகிருஷ்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கென்று தைத்த ரவிக்கை இரண்டே மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிட்டது. உடம்பு இளைத்ததில் அவளுக்கு ஏகப் பெருமை.

திருக்காட்டுப்பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். ஆறு வருஷத்துக்கு முன் தைராய்டு சுரப்பு குறைந்து, முகம் வீங்கி, வகுப்பிலேயே கண் சொருகிய காலம் உண்டு. ரத்தத்தில் கொழுப்பும் ஏறி, இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆகாது என்று தைராய்டு மாத்திரை கொடுத்திருந்தார்கள். இப்போதோ தைக் குளிரில் ஊரே மப்ளர் சுற்றிக்கொண்டிருக்க, இவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கும் வாசலுக்கும் பறந்துகொண்டிருந்தாள். மூட்டை முடிச்செல்லாம் காரில் ஏற்றியாகிவிட்டது. தையல்தான் பாக்கி. ஊசி மூன்றாம் முறை விரலில் ஏறியது.

"என் கையால இன்னொரு தரம் தாலின்னதும் உனக்குப் படபடப்பைப் பாரு" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"ஆசைதான் உங்களுக்கு" என்றாள் மதுரம்.

வளையல் போட்டுவிட வந்த மகள் வித்யாலக்ஷ்மி மட்டும் சிரிக்கவில்லை. பிடித்த மணிக்கட்டை விடாமல் நின்றாள்.

"இது சந்தோஷப் படபடப்பு இல்லைம்மா. நாடி தடுக்கித் தடுக்கி ஓடறது. முதல்ல தஞ்சாவூர் போறோம். அப்புறம்தான் திருக்கடையூர்."

மதுரம் மல்லுக்கு நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கவைத்துவிடுவார்கள். மணையில் யார் உட்காருவது? வித்யா காதில் வாங்கவே இல்லை. வழியில் அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தபோது மதுரத்துக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுமையா இ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். மத்தியானம் முடிவு வந்தது. தைராய்டு அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டிப் போட்டீர்களா என்று கேட்டார். எழுதிக்கொடுத்ததற்குமேல் ஒன்றுகூட இல்லை என்றாள் மதுரம்.

"எதோட முழுங்குறீங்க?"

"இப்ப வெந்நீரோட. முன்னாடியெல்லாம் காலம்பரக் காபியோடதான்."

"காபி என்னாச்சு?"

அறுபதாம் கல்யாணம் நல்லபடி முடியும்வரை காபியைத் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டதைச் சொன்னாள். விட்டு ஒரு மண்டலம் ஆகப்போகிறது.

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதான் விஷயம். காபியோட போட்டா மாத்திரை உடம்புல சரியா சேராது. பழைய சீட்டையெல்லாம் பாருங்க, ரிப்போர்ட் சரியாகலையேன்னு டோஸை ஏத்திக்கிட்டே போயிருக்காங்க. இப்ப காபி இல்ல, ஏத்தினது முழுசும் உள்ள போய் இதயத்தை விரட்டுது."

வருஷக்கணக்காகப் போட்டுவந்த கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது மதுரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"நாளைக்கு மணையில உட்காரலாமா?"

டாக்டர் இ.சி.ஜி. தாளை மறுபடி பார்த்தார். உட்காரலாம், ஓடக்கூடாது என்றார். தைராய்டு மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடவேண்டும். காபி ஒரு மணி நேரம் கழித்து. மாத்திரையைத் தன்னிஷ்டத்துக்கு நிறுத்திவிடக் கூடாது. குறைந்தாலும் கூடினாலும் அடி இதயத்துக்குத்தான். படபடப்பு அடங்க ஒரு சின்ன மாத்திரை எழுதினார். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ உடனே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். காபி? அடங்கும்வரை அரை டம்ளர், அதற்குமேல் கிடையாது.

மீதித் தையலைத் திருக்கடையூர் போகும் வழியில் காரில் வித்யா தைத்து முடித்தாள்.

மறுநாள் காலை மதுரம் சின்ன மாத்திரையை மட்டும் விழுங்கினாள். ஓடுகிற வேலையெல்லாம் வித்யாவுடையது. கலசத் தண்ணீர் தலையில் கொட்டியது, மேளம் உச்சத்துக்கு ஏறியது, வெங்கடகிருஷ்ணன் மூன்று முடிச்சும் போட்டார். மணையை விட்டு எழுந்ததும் மதுரம் கையை மகளிடம் நீட்டினாள். வித்யா பிடித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அப்ப காபி கொண்டு வா."

நுரை ததும்ப வந்த டம்ளரில் சரியாகப் பாதி குடித்தாள். மிச்சத்தைக் கணவரிடம் கொடுத்தாள்.