லேப்டாப் பேசாமல் இருந்த நாட்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், நிவித்திகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

என் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தவர். கண்ணில் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டு, ஒரே வருடத்துக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. போன பார்வை திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தை விட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். யாராவது பேச வந்தால் தூங்குவது போல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். காலையில் போனால் பின்னேரம்தான் வருவேன். பகல் முழுக்க அவர் தனியாகத்தான் கிடப்பார்.

பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, கெஞ்சிக் கூத்தாடி அனுப்பி வைத்தேன். அங்கே தங்கிப் படித்துவிட்டு வேறு ஆளாகத் திரும்பி வந்தார். திரையில் இருப்பதையெல்லாம் குரலில் படித்துச் சொல்லும் ஒரு புரோகிராம் இருக்கிறதாம். விசையைத் தட்டினால் எந்த எழுத்து என்று சொல்லுமாம். பேச்சைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கும் வேலை கொழும்பில் ஒரு இடத்தில் இருக்கிறது, அடுத்த மாதம் அதற்குப் பரீட்சை வைப்பார்கள் என்று அங்கிருந்த மாஸ்டர் சொல்லியிருந்தார். என் தம்பி தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொடுத்தான். அன்றைக்குச் சோற்றை அவராகவே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வகுப்பில் இருந்தவை புது மெஷின்கள், இது கிழடு. ஒரு விசையைத் தட்டுவார், சத்தம் வராது. திரும்பத் தட்டுவார், அப்போதும் வராது. நாலைந்து முறை தட்டிய பிறகு எல்லா எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழறும். கண் தெரிந்தவர்களுக்குத் திரையில் ஒரு வட்டம் சுற்றுவது தெரியும், பொறுத்திருப்போம். அவருக்கு அந்த வட்டம் கிடையாது. மெஷின் வேலை செய்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா, தான் எதையாவது மாற்றித் தட்டிவிட்டோமா, ஒன்றுமே தெரியாது. நான் பக்கத்தில் இருந்தால், "சுத்துதுங்க, கொஞ்சம் பொறுங்க" என்பேன். நான் இல்லாத பகலில் யார் சொல்வது? பின்னேரம் வந்து பார்த்தால், விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

"மெஷின்ல கோளாறு இல்ல புள்ள. எனக்குத்தான் மண்டைல ஏறல," என்றார் ஒரு நாள்.

எதை மாற்றினால் வேகம் வரும் என்று கண்டவர்களையெல்லாம் கேட்டேன். மெஷினின் நினைவகமான ராமைக் கூட்டச் சொன்னான் தம்பி. அவனுடைய கூட்டாளி பேட்டரிதான் காரணம் என்றான். இன்னொருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடச் சொன்னார். கடைசியில் டவுனில் லேப்டாப் திருத்தும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

"ராம் கூட்டலாம், இல்லாட்டி ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு சுத்தாத புது மாதிரி டிஸ்க், எஸ்.எஸ்.டி. போடலாம். எதச் செய்வோம் தங்கச்சி?" என்று கேட்டார்.

இரண்டையும் செய்ய எங்களுக்கு வழியில்லை. கடையில் கூட்டம் வேறு. எனக்கு என்ன தெரியும்? தம்பி சொன்னதையே சொன்னேன். ராம் போட்டுக் கொடுத்தார். அங்கே திறந்து பார்த்தபோது வேகமாக ஓடுவது போலத்தான் இருந்தது.

வீட்டில் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் பேசியது. பிறகு பழையபடியே நின்றது. அவர் மூடியை மெல்லச் சாத்தினார். "இதக் கொண்டுபோயி தம்பிகிட்டயே குடுத்துரு," என்றார். கத்தியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது கதவு திறந்து கிடந்தது. அவர் இல்லை. லயத்துக்குக் கீழே, யாரோ மாணிக்கக்கல் தேடித் தோண்டிவிட்டு மூடாமல் போன குழி ஒன்று இருந்தது. மழையில் அது விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதன் கரையில் சேற்றில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் திடுக்கிட்டு அசைந்துவிடுவாரோ என்று பயந்து, மெல்ல இறங்கிப் பக்கத்தில் போனேன்.

"யாரு?" என்றார்.

அவர் கை எட்டும் தூரத்துக்கு இன்னும் ஓரடி எடுத்து வைத்தேன்.

"யாரு அது?"

"நான்தாங்க," என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுக்குப் போக வந்தேன். வழி தப்பிருச்சு," என்றார். அதை நான் நம்பவில்லை. அவரிடம் அதைப் பற்றி இதுவரை கேட்டதும் இல்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்து காலைக் கழுவிவிட்டேன். அப்போது அவராகப் பேசினார். "அந்த மெஷின் பேசாம நிக்கிறப்பெல்லாம் உள்ள என்னமோ கரகரன்னு அரைக்குது. டக்கு டக்குன்னு அடிக்குது. பேச்சு வந்ததும் நின்னுருது."

எனக்கு அந்தச் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். பார்வை போன பிறகு, அந்த வகுப்புக்குப் போய் வந்ததைத் தவிர, அவர் பஸ் ஏறியதே இல்லை. "பரிஸ்ஸமெங் அய்யே," பார்த்து ஏறுங்கள் அண்ணே என்று சிங்களத்தில் சொல்லிக் கொண்டக்டர் கை கொடுத்தார். கடையில் என் வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, நானா லேப்டாப்பைக் காதோடு வைத்துப் பார்த்தார்.

"டிஸ்க் முடியப் போற சத்தம் இது. எத்தன ராம் போட்டும் பிரயோசனமில்ல, இது தேடி எடுத்துக் குடுக்குற வரைக்கும் மத்ததெல்லாம் காத்துக்கிட்டுத்தான் நிக்கும். அன்னைக்கு ஒங்ககிட்ட கேட்டதே பிழை தங்கச்சி, நான்தான் செக் பண்ணிப் பாத்திருக்கணும்," என்றார். ராமைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. போட்டுக் கொடுத்தார். மேற்கொண்டு காசு எதுவும் வாங்கவில்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார். விரலோடு கூடவே குரல் வந்தது. ஒரு எழுத்தை மாற்றித் தட்டினார், அதையும் அந்தக் கணமே சொன்னது.

"பிழைன்னா பிழைன்னு ஒடனே தெரியுதே," என்றார்.

இத்தோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பழகுவதற்கு இருந்த நாட்களையெல்லாம் அந்தப் பழைய டிஸ்க் தின்றுவிட்டிருந்தது. பரீட்சை எழுதினார். வேகம் போதாது, அடுத்த தடவை கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்னும் கூப்பிடவில்லை. சில நாட்கள் லேப்டாப்பைத் திறக்கிறார். பல நாட்கள் திறப்பதில்லை. தோட்டத்து ஆபீஸில் சொல்லி அந்தக் குழியைச் சுற்றி முள்கம்பி அடிக்கவைத்தேன். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அப்படியும் லயத்துப் படி ஏறும்போது தினமும் முதலில் அந்தக் குழிப் பக்கம்தான் பார்க்கிறேன்.

கதவைத் தள்ளும்போதே, "நான்தாங்க, வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிடுவேன். உள்ளேயிருந்து அவர் பதில் வரும்வரை நிற்கும் அந்தச் சில நொடிகளில்தான், ஒரு சத்தத்துக்காக அவர் பகலெல்லாம் எப்படிக் காத்துக் கிடந்திருப்பார் என்பது எனக்கு இப்போதும் புரிகிறது.