மின்கம்பத்துக் காகிதம்

மகன் ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்ட இரண்டாவது மாதமே என்னை ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டான். வெக்ஸ்போர்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் வகுப்பு. இருபது பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஊரில் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஆங்கிலத்தில் கடிதம் வரைந்தவன் நான். என்னைப் போய் நான்காம் நிலை வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்களே என்று ஒரே எரிச்சல். அதனால் ரீச்சர் எதைக் கேட்டாலும் முதலில் உயர்வது என் கைதான்.

அன்றைய பாடம், முன்னொரு காலத்தில் அமெரிக்காவில் தங்கம் தோண்டிய ஒரு மலையூரைப் பற்றிய ஒரு பக்கக் கதை. அங்கே நீதிமன்றமும் இல்லை, பொலிசும் இல்லை. ஒருவனுடைய கூடாரத்தில் தங்கத்தூள் களவு போகிறது. ஊருக்குப் புதிதாக வந்த ஒருவனைப் பிடிக்கிறார்கள். சாராயக்கடைக்காரர் நீதிபதி, கூட்டத்தில் நின்ற பன்னிரண்டு பேர் ஜூரி. எல்லோருக்கும் சுரங்கத்துக்குத் திரும்பும் அவசரம், வேலை கெடுகிறதல்லவா? மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே விசாரணை முடிந்தது. அவனை மரத்தில் தூக்கிலிட்டு, ‘கள்ளன்’ என்று எழுதிய காகிதத்தைச் சட்டையில் குத்திவிட்டார்கள். அவன்தான் எடுத்தானா என்பதைக் கதை சொல்லவில்லை.

உங்கள் நாடுகளில் இப்படி நடந்ததுண்டா என்று ரீச்சர் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கையை உயர்த்தினேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், எங்கள் சந்தியில் ஓர் இளைஞனைச் சுட்டு மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள், இறங்கிப் போய் அவன் நெஞ்சில் இருந்த காகிதத்தை வாசித்தேன், கள்ளன் என்று எழுதியிருந்தது என்றேன். அந்த நாட்களில் தீர்ப்பு இருக்கும், தீர்த்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒரு பிழையும் விடவில்லை. ரீச்சர் முகம் வாடினாலும் என் ஆங்கிலத்தைப் பாராட்டினார். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசமாக இருந்தது.

இடைவேளையில் கோப்பி எடுக்கப் போனேன். கடைசி வரிசையில் இருக்கும் தமிழ்ப் பெண் பின்னால் வந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். வகுப்பில் வாய் திறந்து நான் கண்டதில்லை.

“அண்ணை, நீங்கள் சொன்னது எந்தச் சந்தி?”

சொன்னேன்.

“தபால் கந்தோருக்கு முன்னாலை நிண்ட லைற் போஸ்ற்றோ?”

“ஓம்.”

“அது எங்கடை மூத்தண்ணா.”

அவர் அழவில்லை. கணக்காக, நிதானமாகப் பேசினார்.

“அம்மா அங்கை போய்ச் சேர முந்தி ஆரோ கடதாசியைக் கிழிச்செறிஞ்சு போட்டினம். சிலபேர் கள்ளன் எண்டவை, சிலபேர் காட்டிக் குடுத்தவன் எண்டவை. கேட்டால் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். என்ன குற்றமெண்டு தெரியாமலே அம்மா கண்ணை மூடீற்றா. வாசிச்ச ஆள் ஒராளை நான் இவ்வளவு காலமாத் தேடுறன். சொல்லுங்கோ அண்ணை, என்ன களவெடுத்தவராம்?”

ஒரு சைக்கிள் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நான் பஸ்ஸை விட்டு இறங்கவேயில்லை. சனத்துக்குள் நெரிபட்டு நின்றேன். பஸ் மெதுவாகக் கடந்தபோது செருப்பில்லாத ஒரு கால் மட்டும் தெரிந்தது. யன்னலோரம் இருந்தவர்கள் ‘கள்ளனாம்’ என்றார்கள். கந்தோரில் போய், ‘கேள்விப்பட்டேன்’ என்று சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? ‘இறங்கிப் போய் வாசித்தேன்’ என்றேன். பிறகு கலியாண வீடுகளில், பிள்ளைகளிடம், எங்கும் அப்படியே சொல்லிச் சொல்லி, இறங்கி நடந்தது எனக்கே ஞாபகம் இருப்பதுபோல் ஆகிவிட்டது.

“நான் வாசிக்கேல்லை,” என்றேன். “பஸ்ஸுக்குள்ளை கதைச்சவை.”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“அப்ப ஏன் கள்ளன் எண்டு சொன்னனீங்கள்?”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

“எனக்குச் சொல்ல வேண்டாம். உள்ளை இருக்கிற சனத்துக்குச் சொல்லுங்கோ. முதல் சொன்ன மாதிரியே, இங்கிலீசிலை.”

வகுப்பு மறுபடி தொடங்கியது. கையை உயர்த்தி எழுந்து நின்றேன். நான் இறங்கவில்லை, காகிதத்தை வாசிக்கவில்லை, அந்தப் பெடியன் கள்ளனா என்பது எனக்குத் தெரியாது என்றேன். முப்பது வருடக் கிளாக்கரின் ஆங்கிலம் துண்டு துண்டாக வந்தது. ஏன் இதைச் சொல்கிறேன் என்று ரீச்சருக்கு விளங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அந்தப் பெண் எனக்கு முன்னால் போனார். ஏதாவது ஆறுதல் சொல்வோம் என்று வேகமாக நடந்து கிட்டப் போனேன். அவர் திரும்பவில்லை.

“அண்ணாவைக் கள்ளன் எண்டு சொல்லுற ஆக்களிலை ஒராள் குறைஞ்சுது,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.