மிச்ச மருந்துக்கு ஒரு நெற்றி

கோமளாவின் இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக இரண்டு கோடுகள் உண்டு. கோபத்தில் விழுந்தவை அல்ல, சம்பளத்துக்கு விழுந்தவை. ஆவடியில் படைவீரர்களுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் பரிசோதனை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, பச்சைத் துணியில் பச்சை நூல் எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று ட்யூப் லைட் வெளிச்சத்தில் வாழ்நாளெல்லாம் உற்றுப் பார்த்தவர் அவர். குவார்ட்டர்ஸில் இருந்தவரை அந்தக் கோடுகளால் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே முக்கால்வாசிப் பெண்களுக்கு அதே மேஜை, அதே கோடு.

தொந்தரவு மாங்காட்டில் ஆரம்பித்தது. கணவர் சுப்பராயன் காலமான பிறகு, மகன் சரவணக்குமார் அங்கே ஓர் அடுக்ககத்தில் வீடு வாங்கினான். வாங்கிய கையோடு கனடாவுக்கு மாற்றல் வந்தது. வீட்டைப் பூட்டிப் போட்டால் கெட்டுவிடும் என்று கவலைப்பட்டவன், அம்மாவை உள்ளே வைத்துவிட்டுப் போனான். வீடு கெடவில்லை.

அடுக்ககத்தில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இருப்பது முகம் ஒன்றுதான். கோமளாவின் முகம் அவரைப் பற்றித் தப்பும் தவறுமாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது. பிள்ளைகள் அடித்த பந்து அவர் பால்கனியில் விழுந்தால், அந்தப் பந்து செத்துப்போனதாகக் கணக்கு. அவரே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். சாயங்காலம் விளையாட்டுத் திடலை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சில் பெண்கள் கூடிப் பேசுவார்கள். கோமளா போய் ஓரமாக உட்கார்ந்தால் போதும், அந்தக் கட்டடத்தில் பாதி வீடுகளில் பால் பொங்கும். மீதிப் பாதிக்கு ஆபீஸிலிருந்து போன் வரும்.

வாரம் ஒருமுறை மகன் வீடியோவில் வருவான்.

"ஏம்மா, மறுபடியும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்லடா. மூஞ்சியே அப்படித்தான்."

"கொஞ்சம் சிரியேன்."

சிரிப்பார். அதற்குள் அவன் இன்னொரு போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவர் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. அந்தப் பெஞ்சில் தான் உட்காரும்போது நடந்துகொண்டிருக்கும் பேச்சு நிற்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் புஷ்பா வந்து மணியடித்தார். அந்த அடுக்ககம் நிற்பதே புஷ்பாவின் மாமனார் நிலத்தில்தான். பங்குக்கு இரண்டு வீடு கிடைத்தது. தேர்தல் இல்லாமலே செயலாளர் பதவியும் கிடைத்தது.

"இன்னாக்கா, உள்ள கீறியா? ஞாயித்துக்கெழம இன்னா பண்ற?"

இந்த ஊருக்கு வந்த நாளாக யாரும் கேட்காத கேள்வி. கோமளா யோசிப்பது போல் பாவனை செய்தார். "ஒண்ணும் இல்லியே."

"பூந்தமல்லில ஒரு ஸ்கின் டாக்டரம்மா கீறாங்க. நெத்தில ஊசி போடுவாங்க. இதோ, உனக்கு ரெண்டு கோடு கீது பாரு, அப்டியே இஸ்திரி போட்டாமாரி ஆய்டும். நானு, தீபிகா, லாவண்யா மூணு பேரும் போறோம். ஒரு குப்பிய தொறந்துட்டா அன்னிக்கே தீத்துடணுமாம். எட்த்து வெச்சி ஊத்த அது இன்னா ஊறுகாயா? காசு நாலாப் பிரியும், இன்னும் ஒரு நெத்தி வோணும்க்கா."

நட்பு பல வழிகளில் கதவைத் தட்டும். இங்கே அது தட்டிய வழி இது: மிச்ச மருந்துக்கு ஒரு நெற்றி தேவைப்பட்டது, கோமளாவிடம் ஒன்று சும்மா இருந்தது.

"நாலு பேரும் சேந்தேவா போவோம்?" என்று கேட்டார் கோமளா.

"பின்ன? என் வண்டிலதான். முடிச்சிட்டு அப்டியே டிபனு."

ஊசி என்ன, அதில் என்ன இருக்கிறது, வலிக்குமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அதையெல்லாம் தீபிகா கேட்டு வைத்திருந்தாள். பாதி விலைக்குப் பக்கத்து அழகு நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம் என்று முதலில் கிளம்பியவர் புஷ்பா. "எங்க ஆபீஸ்ல ஒருத்தி அப்படித்தான் போட்டுக்கிட்டா. ரெண்டு மாசம் ஒரு கண்ணு பாதிதான் தொறந்துச்சு" என்று தடுத்தவள் தீபிகா. டாக்டரின் பதிவு எண்ணை இணையத்தில் சரிபார்த்த பிறகே நாள் குறித்தாள். லாவண்யா வாட்ஸாப்பில் 'சண்டே குளோ' என்று ஒரு குழு தொடங்கி கோமளாவையும் சேர்த்தாள். கோமளா தினமும் விடிந்ததும் அதில் ஒரு பூங்கொத்துப் படம் போட்டார். அந்த வாரம் பெஞ்சில் உட்கார்ந்தபோது யார் வீட்டிலும் பால் பொங்கவில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆடி மாதத்திலிருந்து இருட்டும் நேரத்தில் இடது கண் இமை தானாகச் சரிந்தது. டிவி சீரியலில் மாமியார் இரண்டு பேராகத் தெரிந்தார். அந்த சீரியலில் ஏற்கெனவே இரட்டை வேடம் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் சந்தேகம் வரவில்லை. நான்கு மாமியார்கள் தெரிந்த அன்றுதான் டிவியை அணைத்தார். சாப்பிடும்போது பாதியிலேயே தாடை ஓய்ந்துவிடும். தனியாகச் சாப்பிட்டால் வாய்க்கு அலுத்துப்போகும் போலிருக்கிறது என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் புஷ்பா எல்லோருக்கும் பொதுவாக ஓர் அறிவுரை சொன்னார். "டாக்டரம்மா ஆயிரம் கேப்பாங்க. இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லிட்டு வாங்க. ஆமான்னு வாயத் தொறந்த, கதை கந்தல்." கோமளா எல்லோருக்கும் முன்னால் தலையாட்டினார்.

டாக்டர் நிவேதிதா ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து முடித்த பிறகே குப்பியைத் திறப்பாராம். மூவர் நெற்றியிலும் மரத்துப்போக வைக்கும் க்ரீமைத் தடவி வெளியே உட்கார வைத்தார்கள். வயதில் மூத்தவர் என்று கோமளாவை முதலில் உள்ளே அனுப்பினார்கள்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களாம்மா?"

"இல்ல."

"நரம்பு, தசை வியாதி?"

"இல்ல."

"சாயங்காலம் ஆக ஆக இமை சரியுதா? ரெண்டு ரெண்டா தெரியுதா? மெல்லும்போது தாடை களைச்சுப்போகுதா?"

"இல்ல."

டாக்டர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கோமளாவின் இடது கண்ணைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்து எவ்வளவு காலமாயிற்று என்று கோமளாவுக்கு ஞாபகமில்லை.

"நாலு மாமியார் தெரியறாங்க டாக்டரம்மா" என்றார்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. இமை, தாடை, தோசையை ஊறவைத்துச் சாப்பிடுவது, பால்கனியில் விழுந்த பந்துகள், பால் பொங்குவது, எல்லாம் வந்தன. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். தலையைத் தூக்காமல் மேலே விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது இமை கடை ஷட்டர் போல மெல்ல இறங்கியது.

"யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"யாரும் கேக்கலியே."

டாக்டர் நிதானமாக விளக்கினார். இந்த மருந்து, நரம்பு தசைக்கு அனுப்பும் உத்தரவைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. திடமாக இருக்கிறவர்களுக்கு, அளவு தெரிந்தவர் போட்டால் பெரும்பாலும் பயமில்லை. கோமளாவுக்கு அந்த உத்தரவு போய்ச் சேருவதே ஏற்கெனவே தகராறாக இருக்கும் போலத் தெரிகிறது. அதன்மேல் இதையும் போட்டால் இமை மூடிக்கொள்ளலாம், விழுங்க முடியாமல் போகலாம், மூச்சுக்கே கஷ்டம் வரலாம்.

"உங்களுக்குப் போடமாட்டேன்மா. நாளைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்க. எழுதித் தரேன்."

"கொஞ்சூண்டு போடுங்களேன் டாக்டரம்மா. பேருக்கு. அவங்கல்லாம் வெளிய காத்துக்கிட்டிருக்காங்க. நான் சேரலன்னா…"

"சேரலன்னா?"

கோமளா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வெளியே மூன்று நெற்றிகளிலும் க்ரீம் காய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஆவாதாம்" என்றார் கோமளா.

"இன்னாத்துக்குக்கா ஆமான்னு சொன்ன?" என்றார் புஷ்பா. "வண்டில அவ்ளோ சொன்னேனே!"

"கேட்டாங்க."

"கேப்பாங்க! கேக்கறதுக்குத்தான் போர்டு மாட்டிக்கினு கீறாங்க. இப்போ மிச்சத்த யார் தலைல கட்றது?"

மிச்சம் யார் தலையிலும் ஏறவில்லை. மூவருக்கும் போட்ட பிறகு டாக்டர் அதைக் கொட்டிவிட்டார். நாலு மணி நேரம் படுக்கக் கூடாது, நெற்றியைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், திரும்பும்போது மூவரும் உற்சவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். டிபன் பேச்சே எழவில்லை. அந்த மருந்து பிடிக்கச் சில நாளாகும். அதுவரை மூன்று நெற்றிகளும் நன்றாகச் சுருங்கும். சுருங்கிய அத்தனை நாளும் அவை கோமளாவைப் பார்த்தே சுருங்கின. 'சண்டே குளோ'வில் அவர் போட்ட பூங்கொத்துகளை யாரும் பார்க்கவில்லை. வேறு ஒரு குழு தொடங்கியிருப்பார்கள்.

நரம்பு டாக்டரின் வரவேற்பு மேஜையில் "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டபோது, "நான்தான்" என்றார் கோமளா. அங்கே பக்கத்து நாற்காலியில் ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகை ஊர்க்காரர் நடேசன் இரண்டு கண்களையும் இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தார். தூக்கமில்லை. அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டு, திறக்க மறுக்கும் வகை.

"அந்த நெத்தி ஊசிதாம்மா எனக்கும்" என்றார் அவர், கோமளா தன் கதையைச் சொல்லி முடித்ததும். "கண்ண சுத்திப் போடுவாங்க, தொறந்துடும். ரோடு தாண்டலாம், பேப்பர் படிக்கலாம். மூணு மாசம் போச்சுன்னா திரும்ப மூடிக்கும், திரும்ப வருவேன்."

ரத்தப் பரிசோதனையில் டாக்டர் நிவேதிதாவின் சந்தேகம் உறுதியானது. மாத்திரை கொடுத்தார்கள். இமை ஏறியது, தாடை ஒத்துழைத்தது, நாலு மாமியார்கள் மறுபடி இரண்டானார்கள். நெற்றிக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

ஒரு சாயங்காலம் துணிந்து பெஞ்சுக்குப் போனார். மூன்று நெற்றிகளும் வெள்ளையடித்த சுவர் போல இருந்தன.

"இன்னும் கோவமா புஷ்பா?"

"கோவமா? யாருக்கு?"

உண்மையாகவே இல்லையா, இருந்தும் தெரியவில்லையா என்று கண்டுபிடிக்க அந்த முகத்தில் ஒரு துப்பும் இல்லை. கோமளா ஓரமாக உட்கார்ந்தார். பேச்சு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லாவண்யா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. வீட்ல இன்னும் சொல்லல. தினமும் லேப்டாப் பையை மாட்டிக்கிட்டுப் போய் அம்மன் கோயில்ல உக்காந்துட்டு வரேன்."

"அச்சச்சோ" என்றாள் தீபிகா. "அட கடவுளே" என்றார் புஷ்பா. இருவரும் மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் பீன்ஸ் விலையைக் கேட்ட மாதிரி இருந்தன இரண்டு முகங்களும். லாவண்யா ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தாள். பிறகு கோமளாவைப் பார்த்தாள். கோமளாவின் இரண்டு கோடுகளும் நெருங்கி, ஆழமாகி, நெற்றி முழுக்க வலி பரவியிருந்தது.

லாவண்யா நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விளக்கு போட்ட பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் தீபிகாவும் ஒருநாள் தன் மாமனாரைப் பற்றிச் சொல்லும்போது கோமளாவைப் பார்த்தே சொன்னாள். புஷ்பாகூட, நிலத்தை விற்றிருக்கக் கூடாது என்று யாரிடமும் சொல்லாததை அவர் பக்கம் திரும்பித்தான் சொன்னார். சொல்வது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, அந்தப் பெஞ்சில் வேறு நெற்றி இல்லை.

இது எத்தனை நாளைக்கு என்று கோமளாவுக்குத் தெரியும். நடேசன் சொல்லியிருக்கிறார். தை பிறந்த கொஞ்ச நாளில் புஷ்பா எதற்கோ ஆச்சரியப்பட்டபோது, நெற்றியில் நூலிழை போல ஒரு கோடு ஓடி மறைந்தது.

"புஷ்பா, லேசா கோடு விழுதே. அடுத்த ஊசி எப்போ?"

"இன்னாக்கா அவசரம்? மூணு மாசத்துக்கு முன்னாடி வராதீங்கன்னுட்டாங்க டாக்டரம்மா."

"அதான் ஆவப்போகுதே. நாள் சொல்லி வெச்சிடுங்க. விட்டுடாதீங்க."

"ஒனக்குத்தான் ஆவாதேக்கா. நீ இன்னாத்துக்கு இப்டி பறக்கற?"

"நானும் வரேன்" என்றார் கோமளா. "வெளிய உக்காந்து உங்க கைப்பையெல்லாம் பாத்துக்கறேன்."