சிங்கப்பூர் மிஷின் காட்டிய பதினைந்து

குத்தாலத்துப் பக்கம் டீக்கடைகளில் காலையில் இரண்டு விஷயம்தான் அடிபடும்: மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு, உங்களுக்குச் சுகர் எவ்வளவு. இரண்டுக்கும் எண்ணை மட்டும் சொன்னால் போதும். அடியா, மில்லிகிராமா என்று எவனும் கேட்டதில்லை. என் அப்பா "இருநூத்தி அறுபது" என்பார், ஏதோ பரீட்சையில் வாங்கின மார்க் மாதிரி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், சம்பா நடவு முடிந்த சமயம் லீவில் வந்தான். வீட்டிலேயே சுகர் பார்க்கிற மிஷின் ஒன்றை அப்பாவுக்காக ஆசையாக வாங்கிவந்திருந்தான். வந்த அன்றே அவர் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தான். பதினைந்து காட்டியது.

"பதினஞ்சா? அடி சக்கை!" என்றார் அப்பா. "தெனம் வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கிறேன்ல, அதாண்டா."

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். நான் சேமியா பாயசம் வைத்தேன். அண்ணன் தன் கையாலேயே அப்பாவுக்கு ஊற்றினான்.

அவன் ஊருக்குப் போன பிறகும் மிஷின் பதினான்கு, பதினாறு என்றே காட்டிக்கொண்டிருந்தது. "சுகரே இல்லாதவனுக்கு மாத்திரை எதுக்கு?" என்று அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். வீடியோ காலில் எண்ணைக் காட்டுவார். அண்ணன் அங்கிருந்து, "சூப்பர்ப்பா!" என்பான்.

தை மாதம் அறுவடை. அறுவடை மிஷின் அறுத்துப்போன வயலில் அப்பா வழக்கம்போல வெறுங்காலோடு நடந்தார். அறுத்த நெல்தாள் வலது பாதத்தில் ஆழமாகக் குத்தியிருக்கிறது. அவருக்கு வலிக்கவே இல்லை. தரையில் ரத்தக்கறையைப் பார்த்து அம்மாதான் கத்தினாள். "மஞ்சள வை, ஆறிடும். எனக்குத்தான் சுகர் இல்லையே" என்றார். ஆறவில்லை. பாதம் கறுத்த பிறகுதான் மயிலாடுதுறைக்குக் கூட்டிப்போக விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுகர் எவ்வளவு என்று கேட்டார்.

"பதினஞ்சுங்க" என்றார் அப்பா, அந்த நிலையிலும் பெருமையாக.

"பதினஞ்சுன்னா நீங்க நினைவில்லாமல்ல கெடக்கணும்? அந்த மிஷினைக் காட்டுங்க."

நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் என்னமோ இருந்தது. டாக்டரம்மா அதைத்தான் பார்த்தார். "இது வேற அளவும்மா. அந்த நாட்டுல மோல் கணக்குல சொல்லுவாங்க. நம்ம ஊர்ல மில்லிகிராம். இதைப் பதினெட்டால பெருக்கணும்."

பெருக்கினேன். இருநூற்று எழுபது.

மோல் என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டு எழுதியவள்தான் நான். உலகம் முழுக்க ஒரே அளவு இருந்தால்தான் அறிவியல் என்று அதே புத்தகம் சொன்னது. மண்ணாங்கட்டி! ஒரே ரத்தம், அதே சர்க்கரை, நாட்டுக்கு ஒரு கணக்கு. இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு நான்தான் போனில் சொன்னேன். மிஷின் விவரத்தையும் சொல்லவேண்டியிருந்தது. "நான்தான் அப்பா காலை எடுத்துட்டேன்" என்றான். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு அவன் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. லீவு இல்லையாம். "பொய் சொல்லாதண்ணே" என்றதற்கு, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரச் சொல்ற?" என்று போனை வைத்துவிட்டான். அப்பா கால் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டார். வாசலில் கார் சத்தம் கேட்டால் மட்டும், "அண்ணனான்னு பாரும்மா" என்பார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் அந்த மிஷினைக் காவிரியில் வீசலாம் போலிருக்கும்.

ஒரு வழியாக இந்தச் சித்திரையில் வந்தான். அப்பா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தால் முதலில் அவர் காலில் விழுவதுதான் அவன் பழக்கம். பையைப் போட்டுவிட்டு நேராக வந்தவன், பாதி குனிந்து அப்படியே நின்றுவிட்டான். வேட்டி ஒரு பக்கம் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அவனால் விழவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

அப்பா இடது காலை மெதுவாக முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் ஒண்ணு இருக்குல்லடா. விழு."